198-க்கு வந்த புகார்

விசாலாக்ஷியைப் போன வாரம் சமையலறை வாசலில், ஆறிப்போன காபியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். மகள் மாளவிகா சொன்ன பேச்சு அவளை அங்கேயே நிறுத்திவிட்டிருந்தது.

"எனக்கு எதுவுமே தோணலைம்மா. பசி, தூக்கம், கோபம், ஒண்ணுமே."

பதினேழு வயசுப் பெண் சொல்கிற பேச்சா இது? கோபம்கூட வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? லஸ் முனையைத் தாண்டி நடக்கும்போதும் அதே பேச்சு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கையெழுத்துப் போடும்போதும் அதே பேச்சு. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு 198 மேஜையில் உட்கார்ந்த பிறகும் அது போகவில்லை. ஊரில் யார் வீட்டு டெலிபோன் கெட்டுப்போனாலும் அந்த மேஜைக்குத்தான் சொல்ல வேண்டும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது டிரங்க் கால் காலம். மதுரையையும் மெட்ராஸையும் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒட்டுக் கேட்கக் கூடாது. நடுவில் தன் வார்த்தையாக எதையும் சேர்க்கக் கூடாது. வெளியூருக்கு அவரவரே நம்பர் சுற்றுகிற எஸ்.டி.டி. வந்து டிரங்க் காலை விழுங்கிய பிறகு அவளைப் புகார் மேஜைக்கு மாற்றினார்கள். மேஜை மாறியதே தவிர பழக்கம் மாறவில்லை. வீட்டிலும் அவள் அதே வேலையைத்தான் பார்த்தாள் என்பது பாவம், அவளுக்கே தெரியாது.

போன ஜூனில் மாளவிகா ப்ளஸ் டூவில் அடியெடுத்து வைத்தாள். அவள் அப்பா ராமானுஜம், ப்ளஸ் டூ பிள்ளை இருக்கிற மயிலாப்பூர் அப்பாக்கள் அத்தனை பேரும் செய்வதைச் செய்தார். கேபிள் டி.வி.யைத் துண்டித்தார். சாயங்கால விளையாட்டை நிறுத்தினார். கையோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார், படிப்புக்கு உதவுமாம். டெலிபோன் இலாகா ஊழியர் வீடு, லைன் ஏற்கெனவே இருந்தது. இன்டர்நெட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. அது ஓடுகிற வரை அந்த லைனில் யாரும் போன் பேச முடியாது.

விளையாட்டு என்றால் டென்னிகாய்ட். நடுவில் வலை, கையில் ரப்பர் வளையம். எதிராளி எறிவதை ஒரு கையால் பிடித்து, அதே கையால் அந்தக் கணமே திருப்பி எறிய வேண்டும். பிடித்துக்கொண்டு நின்றால் தப்பாட்டம். மாளவிகாவும் அவள் வகுப்புத் தோழி சாய்மாவும் ஆறாம் வகுப்பிலிருந்து ஜோடி. மண்டலப் போட்டியில் இரண்டு தடவை ஜெயித்த ஜோடி.

"இந்த வருஷம் விளையாட்டு கிடையாதுன்னு அவகிட்ட சொல்லிடு விசாலம். அந்தப் பொண்ணு கேட்டா கோச்சிங் கிளாஸ்னு சொல்லச் சொல்லு" என்றார் ராமானுஜம். விசாலாக்ஷி கொண்டுபோய்ச் சேர்த்தாள். மாளவிகா அழுதாள். "மாளு சரின்னுட்டா" என்று விசாலாக்ஷி திரும்பி வந்து சொன்னாள். அழுததைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை, மாளவிகாவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஜனவரி மாத வெயில் ஜன்னல் வழியே மேஜை மேல் சோம்பலாகப் படுத்திருந்தது. உள்ளே சுவிட்சுகளின் முணுமுணுப்பு ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்தால் விசாலாக்ஷிக்கு எப்போதும் கண் செருகும். இத்தனை வீடுகள், இத்தனை பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் ஒரு மயக்கம்.

பதினொன்றே முக்காலுக்கு விளக்கு எரிந்தது.

"ஒன் நைன் எய்ட். சொல்லுங்கோ."

"மேடம், ஒரு நம்பர் காலைலேர்ந்து என்கேஜ்டாவே கீது. எட்டு மணிலேர்ந்து சுத்திக்கினு கீறேன். லைன் கெட்டுப் போச்சா இன்னானு பாருங்களேன்."

"நம்பர் சொல்லும்மா."

அந்தப் பெண் சொல்லச் சொல்ல விசாலாக்ஷி எழுதினாள். நாலாவது எண்ணில் பென்சில் நின்றுவிட்டது. மீதி மூன்றை அவளே சொல்லிவிடுவாள். அவள் வீட்டு நம்பர்!

"ரொம்ப அவசரமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா மேடம். அந்த வூட்ல என் ஃப்ரெண்டு கீறா. இன்னிக்கு நாலு மணிக்கு எங்களுக்கு டபுள்ஸ் மேட்ச். அவளைக் கேக்காமலே பேரைக் குடுத்துட்டேன், தப்புதான். அவ வரலைன்னா நானும் ஆட முடியாது. ஆனா அதுகூட பரவால்ல மேடம். எட்டு மாசமா அவ என்கூட பேசறதே இல்ல. ஸ்கூல்ல பாத்தா குனிஞ்சிக்கினு போயிடறா. நான்தான் எதுனா தப்பா சொல்லிட்டேனோ என்னமோ..." குரல் கம்மியது. "மன்னிச்சுக்குங்க. கம்ப்ளெய்ன்ட்ல இதெல்லாம் எழுதிக்காதீங்க."

சாய்மாதான். ராயப்பேட்டையில் அவள் அத்தாவின் கடையிலிருந்து பேசுகிறாள். 'நான் மாளுவோட அம்மாடி' என்று சொல்ல விசாலாக்ஷிக்கு நாக்கு நுனி வரை வந்தது. வந்த வார்த்தை இதுதான்: "பார்த்துச் சொல்றோம்மா."

லைனைச் சோதிக்கிற மேஜை பக்கத்தில்தான் இருந்தது. விசாலாக்ஷி தன் வீட்டு லைனில் காதை வைத்தாள். பேச்சு இல்லை, மூச்சு இல்லை. 'ஸ்ஸ்ஸ்' என்று இன்டர்நெட்டின் இரைச்சல் மட்டும். பாதித் தூக்கத்தில் கேட்கிற கடல் மாதிரி இருந்தது. இந்த இரைச்சலுக்குள் எங்கோ தன் பெண் யாரிடமோ மனசைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். அத்தனையும் அம்மாவின் காதில் விழுகிறது, ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. விசாலாக்ஷிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நேராகக் கீழே போனாள். எல்லா வீட்டுக் கம்பிகளும் வந்து சேருகிற அறையில் லைன்மேன் வெள்ளைத்துரை பீடிக்குப் பதில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"துரை, இந்த நம்பர் ஃப்யூஸைக் கழட்டிடு."

சீட்டை வாங்கிப் பார்த்தவன் மென்றதை நிறுத்தினான். "இன்னா மேடம், உங்க வூட்டு நம்பர்! ஊர்ல அவனவன் லைன் குடு, லைன் குடுன்னு என் கால்ல வுழறான். நீங்க இன்னாடான்னா..."

"கழட்டு துரை. நான் சொல்றச்சே மறுபடி போடு."

"வூட்ல எதுனா சண்டையா?"

"சண்டையே இல்லை. அதான் கஷ்டம்."

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மத்தியானத் தெரு கனவில் நடக்கிற தெரு மாதிரி அசமந்தமாகக் கிடந்தது. நடை சாத்திய கோயில், குளத்தில் அசையாத தண்ணீர், பூக்கடையில் ஈரத் துணியால் மூடிய கூடைகள். மாளு கத்துவாள், புத்தகத்தை வீசுவாள், 'நீ யார் என் லைனைக் கட் பண்ண' என்று குதிப்பாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். அப்படிக் குதித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

மாளவிகா குதிக்கவில்லை. திரை போட்ட அறையில், நாற்காலி மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நின்றுபோன திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"லைன் போயிடுத்தும்மா."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்."

மாளவிகா மெதுவாகத் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "அனன்யா ஏதோ சொல்ல வந்தா. 'இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு, உன்கிட்ட சொல்லட்டுமா'ன்னு கேட்டா. சொல்லுன்னு நான் அடிக்கறேன், போயிடுத்து."

விசாலாக்ஷிக்குத் திக்கென்றது. "யாரு அனன்யா?"

"அசோக் நகர்ல இருக்கா. அவளும் ப்ளஸ் டூ. நான் பார்த்ததில்லை."

"பார்க்காத பொண்ணோட நாள் முழுக்க என்னடி பேசுவே?"

"எப்படி இருக்கேன்னு கேப்பா." "நேரா என்கிட்ட கேப்பா. இந்த ஆத்துல அப்படி யார் கேக்கறா? அப்பா உன்கிட்ட கேப்பா. நீ வந்து என்கிட்ட கேப்பே. நான் சொல்றதுல பாதியை முழுங்கிட்டு மீதியை அப்பாகிட்ட சொல்லுவே. தீபாவளிலேர்ந்து அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை, தெரியுமோ?"

விசாலாக்ஷி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் நல்லதென்று நினைத்துத்தான் அத்தனையும் செய்தாள். ஒருத்தர் கோபம் இன்னொருத்தருக்குத் தெரியாமல், ஒருத்தர் அழுகை இன்னொருத்தருக்குத் தெரியாமல், பூசி மெழுகி, சேர்த்துவைத்து, ஒதுங்கி நின்று. கடைசியில் வீட்டில் இரண்டு முனையிலும் ஆள் இல்லை.

"தப்பு பண்ணிட்டேன் மாளு. லைனைப் பிடுங்கினதும் தப்பு, அதுக்கு முன்னாடி பண்ணினதும் தப்பு."

பிறகு சாய்மாவின் புகாரைச் சொன்னாள். இந்தத் தடவை எதையும் விழுங்கவில்லை. கேட்காமல் பேர் கொடுத்தது, எட்டு மணியிலிருந்து சுற்றியது, 'நான்தான் தப்பா சொல்லிட்டேனோ' என்று குரல் கம்மியது, எல்லாம்.

"198-க்கா போன் பண்ணினா?" மாளவிகாவின் மூக்கிலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டுப் பாதியில் நின்றது. "லூசு."

"நாலு மணிக்கு அங்க தனியா நிப்பா."

"அவகிட்ட பொய் சொன்னேன்மா. எந்த மூஞ்சியோட போவேன்? ஆட்டமும் மறந்தே போயிருக்கும்."

"எனக்குத் தெரியலைடி. போகணும்னு நான் சொல்ல மாட்டேன். நீ என்ன நினைக்கறேன்னு சொல்லு, நான் கேக்கறேன்."

மாளவிகா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "முதல்ல லைனைக் குடுக்கச் சொல்லு. அனன்யாவை அப்படியே விட்டுட்டு வர முடியாது."

எதிர் ஃபிளாட்டுக்குப் போய் விசாலாக்ஷி போன் செய்தாள். பத்து நிமிஷத்தில் வெள்ளைத்துரை உயிர் கொடுத்தான். ஆனால் அதற்குள் அனன்யா போய்விட்டிருந்தாள். மாளவிகா அவளுக்கு நாலு வரி எழுதி அனுப்பினாள்: 'எங்க லைன்தான் கட் ஆச்சு, நான் போகலை. விளையாடப் போறேன். இது எங்க ஆத்து நம்பர். ஆறு மணிக்குக் கூப்பிடு, ப்ளீஸ். லைன் காலியா இருக்கும்.'

சாந்தோம் பக்கத்து மாநகராட்சி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு புதிதாகப் போட்டிருந்தார்கள். சாய்மா சல்வாரும் வெள்ளைக் கான்வாஸுமாக வலைக்குப் பக்கத்தில் நின்றாள். மாளவிகாவைப் பார்த்ததும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, பிறகு தாங்காமல் இந்தப் பக்கம் திருப்பினாள்.

"இன்னா மாளு, கோச்சிங் கிளாஸ் முடிஞ்சிச்சா?"

"போகவே இல்லை. பொய் சொன்னேன்."

"தெரியும். சண்டையை அப்பால வெச்சுக்கலாம், விசில் அடிக்கப் போறாங்க. நீ லெஃப்ட்டு."

"நான் எப்பவும் லெஃப்ட்தானே."

"மறந்துட்டியோன்னு பாத்தேன்."

முதல் ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. ஆறுக்கு இருபத்தொன்று. வளையம் கைக்கு வரும், மாளவிகா அதைப் பிடித்துக்கொண்டு யோசிப்பாள், நடுவர் விசில் அடிப்பார். மூன்று தடவை அப்படியே. விசாலாக்ஷி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கூட்டி வந்தது தப்போ? இருக்கிற கொஞ்சநஞ்சமும் இங்கே உடைந்துவிடுமோ?

இரண்டாவது ஆட்டத்தில் கடல் பக்கமிருந்து காற்று வந்தது. வளையம் கனம் இழந்து மிதக்க ஆரம்பித்தது. எங்கே இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, யோசித்துப் பயனில்லை, ஓடத்தான் வேண்டும். மாளவிகா ஓடினாள். எப்போது யோசனையை விட்டாள் என்று விசாலாக்ஷிக்குத் தெரியவில்லை. மஞ்சள் வெயிலில் புழுதி எழும்பி, அதற்குள் இரண்டு பெண்கள் மேலும் கீழுமாக, வளையம் போய், வந்து, போய். விசாலாக்ஷிக்கு நேரம் போவதே தெரியவில்லை. மண்டபத்தில் கச்சேரி கேட்கும்போதுகூட அவள் இப்படித் தன்னை மறந்ததில்லை.

"என்னுது! விடு சாய்மா, என்னுது!"

யார் குரல் இது என்று ஒரு நிமிஷம் திகைத்தாள். எட்டு மாசமாக வீட்டில் முனகிக்கொண்டிருந்த பெண்ணின் அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது என்று இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்தார்கள்.

மூன்றாவது ஆட்டம் பாதியில் இருக்கும்போது விசாலாக்ஷி தற்செயலாகத் திரும்பினாள். வேலி ஓரத்தில் ஸ்கூட்டர், பக்கத்தில் ஹெல்மெட்டும் கையுமாக ராமானுஜம். ஈக்காட்டுத்தாங்கல் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்து பார்த்து, மணி அடித்தும் யாரும் எடுக்காமல் போகவே பதறி ஓடிவந்திருக்கிறார். எதிர் ஃபிளாட்டில் விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள். அவர் உள்ளே வரவில்லை. எப்போதிலிருந்து நிற்கிறாரோ.

பதினைந்துக்குப் பதினெட்டு என்று இருந்தபோது மாளவிகா எறிந்த வளையம் எதிர்ப்பக்கக் கோட்டோரத்தில் விழுந்தது. நடுவர் வெளியே என்று கையைக் காட்டினார்.

"சார், உள்ளதான் சார் விழுந்தது! நன்னாப் பாருங்கோ!" மாளவிகாவின் முகம் சிவந்துவிட்டது. கை ஆட்டி, கால் உதைத்து, நியாயம் கேட்டாள். விசாலாக்ஷிக்கு அந்தக் கோபத்தை அப்படியே அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

நடுவர் மசியவில்லை. பதினாறுக்கு இருபத்தொன்று. தோற்றுப்போனார்கள்.

இரண்டு பேரும் மண்ணில் மல்லாந்து படுத்து மூச்சு வாங்கினார்கள். சாய்மா வானத்தைப் பார்த்தபடி கேட்டாள்: "நாளைலேர்ந்து அஞ்சு மணிக்கு இங்கயே ஆடலாம். ஒரு மணி நேரம். மேட்ச்செல்லாம் வேணாம், சும்மா. வரியா?"

மாளவிகா எழுந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அப்பா நடந்து வருவதைப் பார்த்தாள். உடம்பு தானாகச் சுருங்கியது.

ராமானுஜம் மகளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். மனைவியைப் பார்த்துப் பேசினார்.

"விசாலம், பரீட்சைக்கு நாற்பது நாள்தான் இருக்கு. நாளைக்கெல்லாம் வர முடியாதுன்னு அவகிட்ட சொல்லு."

மாளவிகாவும் அம்மாவைத்தான் பார்த்தாள். "ஒரு மணி நேரம்தான்னு அப்பாகிட்ட சொல்லும்மா."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். விசாலாக்ஷிக்கு வாய் துறுதுறுத்தது. இரண்டு பக்கமும் நோகாமல் ஒரு வாக்கியம் தயாராகவே இருந்தது. அதை விழுங்கினாள்.

"அவ இதோ நிக்கறா. நீங்க எதிர்லயே நிக்கறேள். இனிமே நான் யாருக்கும் எதையும் எடுத்துண்டு போகப் போறதில்லை."

கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. சாய்மா எழுந்து, வலையை அவிழ்ப்பவர்கள் பக்கம் கண்ணியமாக விலகிப் போனாள்.

ராமானுஜம் ஹெல்மெட் பட்டையை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். தொழிற்சாலையில் அவருக்குத் தர ஆய்வாளர் வேலை. நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண். மகள் முகத்தை நேராகப் பார்க்க மட்டும் அந்தக் கண் கஷ்டப்பட்டது. புழுதியும் வியர்வையுமாக, மூச்சு இன்னும் அடங்காமல், இந்தப் பெண்ணைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசிக்கிறவர் போல நின்றார்.

"அந்தக் கோட்டோரத்துல விழுந்துதே..." என்று ஆரம்பித்தார். "அது உள்ளதான். அரை அங்குலம் உள்ள. நான் பார்த்தேன்."

"பார்த்தியா?" மாளவிகாவின் குரல் உடைந்து உயர்ந்தது. "பார்த்துட்டு ஏம்ப்பா சொல்லலை? நான் அங்க ஒத்தையா கத்திண்டிருந்தேனே, நீ ஏன் வந்து சொல்லலை?"

ராமானுஜம் ஹெல்மெட் பட்டையை விட்டுவிட்டு, "நீ என்னைக் கேக்கலையேம்மா" என்றார்.

"இப்ப கேக்கறேன்." மாளவிகா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் மண் இழுபட்டது. "நாளைக்கு நான் வரட்டுமாப்பா?"

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை, டெலிபோன் காலியாக இருந்தது, அசோக் நகரில் அனன்யா அந்த நாலு வரியைப் படித்தாளா என்று யாருக்கும் தெரியாது. ராமானுஜம் பழக்கதோஷத்தில் மனைவி பக்கம் திரும்பினார். விசாலாக்ஷி அவர் கண்ணில் படாதபடி நகர்ந்து, ஸ்கூட்டரை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.